சமையலறை வென்டிலேட்டரில் ஒரு கம்பளி

அன்புள்ள பெரியவளுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, எனக்குக் கோபம் தலைக்கேறி மூன்று நாள் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே இருவரும் கத்த ஆரம்பித்துவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி. சின்னவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் படி ஏறும்போதெல்லாம் திட்டு எனக்குத்தான் விழுகிறது, படியை வரைந்தது என்னவோ நீ.

போன புதன்கிழமை குடியிருப்போர் கூட்டம் நடந்தது. ஏசியே வேண்டாம், வீடு தானாகக் குளிரும் என்று சொல்லித்தானே நீ வரைந்த இந்தக் கட்டடத்தில் எல்லோரையும் குடிவைத்தாய், இப்போது எட்டு வீட்டுக்காரர்களும் வெந்து சாகிறோம் என்று ஒரே கூச்சல். முடிவு என்ன தெரியுமா, நடுவில் தரையிலிருந்து மொட்டைமாடி வரை கிணறு மாதிரி விட்டாயே காற்றுவழி, அதன் தலையை ஷீட் போட்டு மூடிவிட்டு, எல்லா வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட்டையும் அதற்குள்ளேயே மாட்டப் போகிறார்களாம். நான் முப்பத்திரண்டு வருஷம் ஏசி மெக்கானிக், அதனால் நீங்களே முன்னாடி நின்னு மாட்டிக் குடுத்துடுங்க சார் என்று செகரட்டரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். என் பொண்ணு இதுக்கு ஒத்துக்கவே மாட்டா என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவர் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தடவி நீ அனுப்பிய பதிலைக் காட்டினார். உங்கள் வசதிப்படி செய்துகொள்ளுங்கள். ஒரே வரி. என் மூஞ்சியில் ஈயாடவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

அது என்ன பதில் என்று கேட்கிறேன். அரைகுறைச் சுவரில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று மொட்டை வெயிலில் நாள் முழுக்க நின்று பார்த்தவள் நீதானே? அத்தனையையும் ஒரு வரியில் கைகழுவ உனக்கு எப்படி மனசு வந்தது? கீழ்வீட்டுத் தையல்காரம்மாவை நினைத்துப் பார்த்தாயா? அவள் மிஷின் போட்டிருக்கும் அறைக்கு இருக்கிற ஒரே ஜன்னல் அந்தக் காற்றுவழியைப் பார்த்துத்தான், அந்த வெளிச்சத்தில்தான் ஊசியில் நூல் கோர்க்கிறாள். மேலே மூடி, எட்டு யூனிட்டும் உள்ளே அனல் கக்கினால் அவள் எங்கே உட்கார்ந்து தைப்பாள்? கூட்டத்தில் நான் எழுந்து வருவதற்கு முன்னால் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், நான் எங்க போவேன்னு யாராவது சொல்லுங்க என்றாள். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

அவளுக்காக நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று சொல்கிறேன், உன்மேல் இருக்கும் கோபத்தைவிட என்மேல் இருக்கும் கோபம் பெரிசு. உன் கணக்கு தப்பில்லை. சூடான காற்று அந்த வழியாக மேலே ஏறும், தெருப்பக்க ஜன்னலிலிருந்து புதுக்காற்றை உள்ளே இழுக்கும், எல்லாம் சரி. ஆனால் காற்று போகிற வழியில் பேச்சும் போகும் என்பதை மட்டும் கோட்டைவிட்டாய். மூன்றாவது மாடியில் தும்மினால் முதல் மாடியில் நூறாயுசு என்கிறார்கள். போன வருஷம் நீ வேலையை அங்கேயே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, நீ என் பொண்ணே இல்ல போ என்று நான் சமையலறையில் நின்று போனில் கத்தினேனே, அதைக் கட்டடமே கேட்டது. மறுநாள் தையல்காரம்மா அம்மாவைப் படியில் நிறுத்தி, ஏங்க்கா, பொண்ணோட பேச்சுவார்த்தையே இல்லையா என்று பரிவாகத்தான் கேட்டாள். அம்மா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலமே நான் பழைய கம்பளியைச் சுருட்டி, காற்றுவழிக்குள் திறக்கிற சமையலறை வென்டிலேட்டரில் திணித்தேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு என்ன சார் என்றார், சத்தம் வராது என்றேன். அவ்வளவுதான், ஒரே மாதத்தில் ஒரு வீட்டில் தலையணை, ஒரு வீட்டில் தெர்மாகோல், எல்லா வென்டிலேட்டரும் அடைபட்டது. காற்று வெளியே போக வழியில்லாமல் எப்படி உள்ளே வரும்? இதை ஒரு ஏசி மெக்கானிக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும் வருஷம் முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உன் வீடு சரியில்லை என்று அவர்கள் பேசும்போது தலையைக்கூட ஆட்டினேன், வெட்கங்கெட்டவன்.

வியாழக்கிழமை காலையில் கம்பளியைப் பிடுங்கி எறிந்தேன். ஹாலில் திரைச்சீலை லேசாக ஆடியது, அம்மா யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து பார்த்தாள். பிறகு பிளைவுட்டில் உள்ளே இரண்டு மடிப்பு வைத்து, ஃபோம் ஒட்டி ஒரு பெட்டி செய்தேன், பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏசிக் காற்றுக்குழாய் போடும்போது நாங்கள் செய்வதுதான், காற்று வளைந்து போய்விடும், சத்தம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதை வென்டிலேட்டரில் வைத்துவிட்டு, அம்மாவைச் சமையலறையில் நின்று என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கத்திச் சொல்லச் சொல்லி, நான் கீழ்வீட்டில் போய் நின்றேன். முணுமுணுப்பு மட்டும்தான் வந்தது, தையல்காரம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது, அது வேறு விஷயம். இன்னும் ஏழு பெட்டி செய்ய என் கையில் தெம்பு இருக்கிறது. ஆனால் நான் சொன்னால் அப்பன் பெண்ணுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார்கள். மாசக் கடைசி ஞாயிறு ஓட்டெடுப்பு. அதற்குள் அந்த ஒரு வரியை வாபஸ் வாங்கு, காற்றுவழியை ஏன் மூடக்கூடாது என்று உன் கையெழுத்தோடு எழுது, பெட்டிக்கு அளவு போட்டுப் படம் வை. பேச்சு வீடு விட்டு வீடு கேட்கும் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றும் எழுது, ஒன்றும் குறைந்துவிடமாட்டாய்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய், அம்மாவுக்கு இல்லை, எனக்கு. சமையலறையில்தான் நிற்பேன், பெட்டியை அன்று கழற்றி வைத்துவிடுவேன். நான் உன்னை வேண்டாம் என்று சொன்னதைக் கேட்ட அத்தனை வீடும், நான் மன்னிப்புக் கேட்பதையும் கேட்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நீ வரைகிற வீடுகளிலெல்லாம் காற்று தங்குதடையில்லாமல் வரட்டும். பத்து மணி, மறந்துவிடாதே.

கோபம் இன்னும் முழுசாக ஆறாத
உன் அப்பா