செம்பாலை மக்களைப் பருமனாகக் காட்டிய திரை குறித்து

நலம் பெருகுக. ஏழாற்றுப் பேரரசின் அரசி, வெண்குடைக்கும் வாளுக்கும் உரியவர், பெருங்கோதையார் திருவாய் மொழிந்தபடி, களஞ்சிய அமைச்சர் கொன்றையூர் கிழார் ஆதனுக்கு எழுதுவித்த ஓலை. அமைச்சர் இதை நின்றுகொண்டு படிக்கவும்.

செம்பாலை நாட்டில் மழை பொய்த்து இரண்டாண்டு ஆகிறது. பசியை எழுத்தில் சொன்னால் தலைநகர் நம்பாது என்று அஞ்சிய நாட்டுத் தலைவர் கீரனார், தம் மக்களையே படம்பிடித்துத் தை மாதத்தில் ஒளித்தட்டு ஒன்றில் அனுப்பினார். கொலுமண்டபத்தின் அகலத் திரையில் அது ஓடியபோது, படத்தின் இருபுறமும் கரும்பட்டைகள் நின்றன. மண்டபத்தில் கருமை தெரிவது அமங்கலம் என்று அமைச்சர் ரிமோட்டை வாங்கினார். படத்தை இழுத்துத் திரையை நிரப்பினார்.

அகலம் நான்குக்கு உயரம் மூன்று என்ற அளவில் எடுத்த படம் பதினாறுக்கு ஒன்பதாக விரிந்தது. உயரம் அப்படியே நிற்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஒட்டிய கன்னங்கள் உப்பின. “பஞ்சமாம் பஞ்சம்! கல்யாணப் பந்தியிலருந்து எழுந்து வந்தவங்க மாதிரியில்ல இருக்காங்க!” என்று அமைச்சர் சொல்ல, அவை சிரித்தது. கீரனார் கேட்ட ஆயிரம் வண்டி நெல் மறுக்கப்பட்டது.

படத்தில் வந்த மாட்டுவண்டியின் சக்கரம் முட்டை வடிவில் உருண்டதை அன்று நூற்றிருபது பேர் பார்த்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசியாரும் கேட்கவில்லை. மறுப்போலையின் அடியில் இருப்பது அவருடைய முத்திரை. அதை அவர் மறைக்கவில்லை.

நேற்றுக் காலை கீரனாரின் ஓலை வந்தது. இறந்தவர் நாற்பத்திரண்டு பேர். அரசியார் அதே தட்டை எடுத்துத் தம் அறையின் பழைய திரையில் ஓடவிட்டார். அது நான்குக்கு மூன்று அளவுள்ள திரை. சக்கரம் வட்டமாக உருண்டது. அதன் பின்னால் எலும்புகள் நடந்து வந்தன. ஒரு பெண் சேலையை ஒதுக்கித் தன் கையை நீட்டுகிறாள். “ஆத்தா, தெரியுதா? இன்னும் கிட்ட வரட்டுமா?” என்று கேட்கிறாள். அவள் பெயர் வெள்ளச்சி. கீரனார் எழுதிய இறந்தவர் வரிசையில் ஏழாவது.

ஆகவே ஆணை. ஒளித்தட்டு ஓட்டும் பெட்டி பேரரசில் எங்கிருந்தாலும், தன்னோடு இணைந்த திரையின் வடிவம் அதற்கு முதலில் சொல்லப்பட வேண்டும்: பழைய திரைக்கு நான்குக்கு மூன்று, அகலத் திரைக்குப் பதினாறுக்கு ஒன்பது. படம் வேறு வடிவத்தில் இருந்தால் ‘உள்ளபடி’ என்பதையே தேர்ந்துகொள்ள வேண்டும். ‘நிரப்பு’ என்பதைத் தொடுகிறவர் பதவி இழப்பார். கரும்பட்டை வந்தால் வரட்டும்.

அமைச்சர் இன்று பொழுது சாய்வதற்குள் ஆயிரம் வண்டி நெல்லோடு புறப்பட வேண்டும். முதல் வண்டியில் அவரே அமர வேண்டும். வெள்ளச்சியின் வீட்டில் பிழைத்திருப்பவர் எவரோ, அவரிடம் முதல் மூட்டையை இறக்கிவிட்டு, நெல் ஏன் தாமதமானது என்பதைத் தம் வாயால் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் பழி போடக் கூடாது. சிரித்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வண்டியில் அரசியார் வருகிறார். அவர் சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

மறு ஓலை எழுத வேண்டாம். முத்திரை இடப்பட்டது.