நாலாம் நம்பர் வீட்டுப் பின்சுவரில் வல்லாரை

முந்தாநாள் மாலை நாலாம் நம்பர் வீட்டின் பின்பக்கம் வல்லாரை முளைத்திருப்பதைப் பார்த்தேன். புதுச் சீமெந்துத் தரையும் பின்சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரல்கூட நுழையாத வெடிப்பு. அதிலிருந்து நாலைந்து இலைகள் வட்ட வட்டமாகத் தலை நீட்டியிருந்தன. ஒன்றைக் கிள்ளி முகர்ந்தேன். எட்டாம் நம்பர் மலையின் ஈர வாசம் அப்படியே மூக்கில் ஏறியது. நீ இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாய். நீ இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் மகள் செல்விதான் கூப்பிட்டிருந்தாள். போன வாரம் எல்லாருக்கும் சாவி கொடுத்தார்கள். நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிவிட்டதால் உன் நாலாம் நம்பர் வீட்டின் சாவி அவள் கைக்கு வந்தது. கைக்குழந்தையோடு கொழும்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடிபுக வேண்டும், அதற்கு முன்னால் ஒருதரம் வந்து பாருங்க பெரியம்மா என்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாழ்த்தப் போகவில்லை. எனக்குத் தெரியாமல் வீடு கட்டும் கொந்தராத்துக்காரரிடம் பேசி அந்த வீட்டில் நீ என்னென்ன கூடுதலாகச் செய்துகொண்டாய் என்று பார்க்கத்தான் போனேன்.

என் சந்தேகப் புத்தி உனக்குப் புதிதல்ல. "நீ ஒருத்தி, கோயில்ல விபூதி குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் பூசுவ" என்று தேயிலை நிரையில் நின்றுகொண்டே சொல்வாய். இருபது வருடம் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தோம். எட்டாம் நம்பர் மலையில், பெரிய வாகை மரத்துக்குக் கீழே அந்த ஊற்று இருந்தது. பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேதான் போவோம். நீ தண்ணீரைக் கைகளில் ஏந்திக் குடித்துவிட்டு, கரையில் படர்ந்திருக்கும் வல்லாரையைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொள்வாய். அன்று இரவு உன் வீட்டிலும் என் வீட்டிலும் வல்லாரைச் சம்பல்தான். எனக்கு மூச்சிழுப்பு முற்றி மலையேற முடியாமல் போனபோது, தோட்டத் துரையிடம் நின்று வாதாடி, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் எனக்கு ஆயா வேலை வாங்கிக் கொடுத்தவளும் நீதான்.

அங்கே பதிவேடு எழுதி, வந்துபோகும் சிங்கள நர்சுமாரோடு பேசி, எனக்குச் சிங்களமும் கையெழுத்தும் நன்றாக வந்தன. வினையும் அதனாலேயே வந்தது.

புது வீட்டுத் திட்டத்துக்கு இடம் பார்க்க அதிகாரி வந்த நாளை நினைத்துப் பார். அட்டைக்கடிக்குப் பயந்து ரோட்டைவிட்டு இறங்காமல், குடையை நீட்டி மலையைக் காட்டி, இதில் ஊற்று ஏதாவது இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு உடனே பொறி தட்டியது. இவர் எதற்கு ஊற்றைப் பற்றி விசாரிக்கிறார்? கீழ்ப் பிரிவு லயத்து வரிசை வீட்டு ஆட்கள் குழாய்த் தண்ணீர் கேட்டபோது, பக்கத்தில் ஓடை இருக்கிறதே என்று சொல்லி அதிகாரிகள் கைவிரித்தது நமக்குத் தெரியும். இன்றைக்கும் அங்கே குடத்தோடுதான் நடக்கிறார்கள். பின்னால் நின்ற ஒருவரும், "இருக்குன்னு சொல்லிறாதீங்க, பைப்பு தரமாட்டானுங்க" என்று முணுமுணுத்தார். நான், ஒரு சொட்டுக்கூடக் கிடையாது மாத்தயா, வருடம் முழுக்கக் காய்ந்த மலை என்றேன். அவர் படிவத்தில் எழுதிக்கொண்டார். சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

ஒரு உத்தியோகத்தரையே ஏமாற்றிவிட்ட பெருமையில் லயத்துக்குத் திரும்பினேன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். நீ மட்டும் வழியெல்லாம் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாய். கடைசியில், "ஊத்த இல்லேன்னு சொல்லிட்டியே புள்ள, அது எங்க போவும்?" என்றாய்.

"மெஷின் வந்தா மூடிரும்" என்றேன்.

மெஷின் வந்தது. வாகை மரம் போயிற்று. தேயிலை வேரோடு போயிற்று. மேலே வெட்டிய மண்ணைக் கீழே தள்ளி மலையைப் படிப்படியாக ஆக்கினார்கள். ஒரு மாதத்தில் எது எந்த இடம் என்றே எனக்குத் தெரியவில்லை. ஊற்று எங்கோ கீழே ஆற்றுப்பக்கம் போய்விட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நீ நம்பவில்லை. உன் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கொழும்பில் கடலோரக் கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை பார்த்த நாலு வருடமும், அங்கே தகரக் கொட்டகையில் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டவள் நீ. "அத்திவாரத்துல தண்ணி எறைக்கிற மோட்டரு பகலு ராத்திரி ஓடும். ஒரு மணி நேரம் நின்னா இவரு முழங்கால் வரைக்கும் நனைஞ்சுதான் வருவாரு" என்பாய். அந்தக் கட்டடத்துக்காக ஒரு குடியிருப்பையே இடித்தார்களாம். அங்கேயும் அதற்குத் தோட்டம் என்றுதான் பெயராம். அந்தச் சனங்களுக்கு மாடியில் வீடு என்று சீட்டுக் குலுக்கிக் கொடுத்தபோது, சாவியைப் பார்த்த சந்தோஷத்தில் ஒருத்தரும் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லி ஆத்திரப்படுவாய். "புது வூட்டுக்குப் போனா மொதல்ல செருப்பக் கழட்டிட்டு நில்லு. தரை சொல்லிரும்." இதை எத்தனை தடவை சொன்னாய். கொழும்புக்குப் போய் வந்தவளின் அலட்டல் என்று நினைத்தேன்.

நமக்குக் கோயில் முற்றத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு நாலாம் நம்பர் விழுந்தது. ரோட்டோரம், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கம். உனக்குப் பதினொன்று, நாற்பது படி ஏறிப் போக வேண்டிய மேல்வரிசை. அன்று மாலையே நீ என் லயத்துக் காம்பராவுக்கு வந்தாய். உட்காரக்கூட இல்லை.

"எனக்கு நாலக் குடு. நீ பதினொண்ண எடுத்துக்க."

"ஏன்?"

"எனக்கு ரோட்டோரம் வேணும். அவ்வளவுதான்."

சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. இழுப்புக்காரி நாற்பது படி ஏற வேண்டும் என்று தெரிந்தும் கேட்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைமடுவ வேலை வாங்கித் தந்ததற்குக் கூலி கேட்கிறாய் என்று நினைத்தேன். மறுநாளே எழுதிக் கொடுத்து நம்பரை மாற்றிக்கொண்டோம். வீட்டைக் கொடுத்தேன், பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உன்மேல் என் கண் எப்போதும் இருந்தது. வேலை முடிந்து நேராக நாலாம் நம்பருக்குப் போவாய். சிங்கள மேசன் பாஸிடம் ஏதோ குசுகுசுப்பாய். ஒருநாள் அவர் உனக்கு ஒரு துண்டுக் குழாய் கொடுப்பதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றிலிருந்து கூடையில் கல் சுமந்தாய். கடை போடுகிறாள், கடைக்குத்தான் அடித்தளம் போடுகிறாள் என்று லயம் முழுக்கச் சொன்னவள் நான். உன் காதுக்கும் அது வந்திருக்கும். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு ஒரு காலையில், பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நானும் வந்தேன், அழுதேன். அழுகைக்கு நடுவே, நாலாம் நம்பர் இனி யாருக்குப் போகும் என்றும் யோசித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

முந்தாநாள் செல்வி கதவைத் திறந்ததும், உன் பேச்சு நினைவு வந்து செருப்பைக் கழட்டினேன். மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது. முன்னறை பரவாயில்லை. சமையலறையில் கால் வைத்ததும் குளிர் எலும்புவரை ஏறியது. தரை வியர்த்திருந்தது. புதுப் பெயின்ட் சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்திருந்தது. "புதுசு இல்லையா பெரியம்மா, காஞ்சிரும்னு சொன்னாங்க" என்றாள் செல்வி. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். சாவி கொடுத்தவர்கள்தானாம்.

பின்பக்கம் போனபோதுதான் வல்லாரையைக் கண்டேன். பக்கத்திலேயே, சுவரோரமாக ஒரு சிறு பள்ளம் பாதிவரை வெட்டப்பட்டிருந்தது. அதில் ஆற்றுக் கல்லை அடுக்கி, நடுவே அந்தத் துண்டுக் குழாயை வைத்து, மேலே மண் விழாமல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. சாக்கை இழுத்துப் பார்த்தேன். மலைக்குப் போகும்போது நீ இடுப்பில் கட்டும் படங்கு அது. ஓரத்தில் நீ போட்ட சிவப்பு நூல் தையல் அப்படியே இருந்தது.

அடுத்த வீட்டில் படி பூசிக்கொண்டிருந்த அதே பாஸை அழைத்தேன். நமக்குப் பழகிய ஆள், நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"அந்த அக்கா தான் குழாய் கேட்டாங்க. இங்க ஊத்து இருக்கு, தண்ணிக்கு வழி விடணும்னாங்க. நான் கொந்தராத்துப் பெரியவருகிட்ட சொன்னேன். ஃபோம்ல இல்லேன்னு எழுதிக் கையெழுத்தும் இருக்கு, நீ ஒன் வேலையப் பாருன்னுட்டாரு."

"யாரு இல்லேன்னு சொன்னதுன்னு அவ சொன்னாளா?"

"கேட்டேன். அத மட்டும் சொல்ல மாட்டேன்னாங்க. இந்த வூடு யாரோ இழுப்புக்காரங்களுக்கு விழுந்துச்சாம். அவங்க இங்க படுத்தா ஒரு மழைக்குத் தாங்க மாட்டாங்கன்னு, தான் வாங்கிக்கிட்டதாச் சொன்னாங்க."

பாஸுக்கு அந்த இழுப்புக்காரி யாரென்று தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, கேட்டுக்கொள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் அதிகாரியிடம் சண்டைக்குப் போவேன், பொய்ச் சாட்சி என்று என் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று பயந்திருப்பாய். கல்லடுக்கித் தண்ணீரைத் திருப்பிவிடலாம் என்றும் நம்பியிருப்பாய். தண்ணீர் வழிய வேண்டிய கானைப் பாதியில் விட்டுப் போய்விட்டாய். இப்போது அந்த ஈரத் தரையில் படுக்கப்போவது உன் பேத்தி.

நேற்று லிந்துலை டவுனுக்கு இறங்கி அலுவலகத்துக்குப் போனேன். ஊற்று இருக்கிறது, அன்று நான் சொன்னது பொய் என்று சிங்களத்தில் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோப்பை எடுத்து என் கையெழுத்தை எனக்கே காட்டினார். இப்போது மட்டும் எதற்காக மாற்றிச் சொல்கிறீர்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்றார். அவருக்கும் சந்தேகம். எழுதித் தாருங்கள், பார்க்கிறோம் என்றார். எழுதிக் கொடுத்தேன். நகலில் முத்திரை வாங்காமல் நாற்காலியைவிட்டு எழும்பவில்லை. அவர்கள் பார்ப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் வேறொரு வேலையும் செய்யவேண்டி இருந்தது.

இன்று காலை பதினொன்றாம் நம்பர்ச் சாவியோடு செல்வியிடம் போனேன். "இத நீ வச்சுக்க. நாலாம் நம்பர எனக்குக் குடு" என்றேன். கானை வெட்டி முடிக்கும்வரை நான் லயத்துக் காம்பராவைவிட்டு அசையப்போவதில்லை. பழைய லயத்தை இடிக்கப்போகிறார்கள்தான், ஆனால் ஆள் இருக்கும் லயத்துக்கு அவ்வளவு லேசில் வரமாட்டார்கள்.

செல்வி சாவியை வாங்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"ஏன் பெரியம்மா, ரோட்டோரம்ங்கறதாலயா?"

ஒரு வருடமாக என் வாய்க்குள் கிடந்த கேள்வி அது. ஊர் முழுக்கச் சொன்னேனே தவிர, உன் முகத்துக்கு நேரே ஒரு தடவை கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. உன் மகள் கேட்டுவிட்டாள். நான் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா? தெரியவில்லை. நான் சொல்லாமல் இருக்கப்போவதில்லை.

"நல்லா கேட்ட. வா, காட்டுறேன்" என்று அவளை நாலாம் நம்பருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அந்த வீட்டின் சாவி என் மடியிலும் பதினொன்றின் சாவி அவளிடமும் இருக்கின்றன. உன் படங்கை மட்டும் எடுக்கவில்லை, மீதிக் கல்லை அடுக்கும்வரை அது அங்கேதான் வேண்டும். உள்ளே போகும் முன், வாசலில் ஒரு கையால் குழந்தையை வாங்கிக்கொண்டு செல்வியிடம் சொன்னேன்:

"மொதல்ல செருப்பக் கழட்டு."