கைராசியும் கைநாட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லை, அந்த அளவுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் கைகால் விறைக்காமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்தக் கிழவி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன்னோடு பேசும்போதெல்லாம் நம் வாலு என் தோளில் தாடையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள், போட்டுத் தருவதும் அவள், வைப்பதும் அவள். அதனால்தான் தையல் கடையில், துணி வெட்டுகிற மேசையிலேயே உட்கார்ந்து, அளவு வரைகிற தாளின் பின்பக்கத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. பாதியில் போனை எடுத்து அவளைக் கத்திவிடாதே, கேட்டாயா?

கடையில் பள்ளிச் சீருடை வேலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ஆனாலும் புதுத் துணிக்கட்டு வந்து இறங்கினால் முதல் வெட்டு நான்தான் போட வேண்டும் என்று முதலாளி இன்னமும் சொல்கிறார். கட்டிங் அம்மா கை வெச்சா ஒரு துண்டுத் துணி வீணாகாது, அவங்களுக்குக் கைராசி என்று அவர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார், நானும் காதில் விழாத மாதிரி கத்தரியைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். உனக்குத்தான் தெரியுமே, ஐந்தாவதோடு படிப்பு நின்றாலும் சம்பளப் பேரேட்டில் எல்லோரும் மையில் விரலை உருட்டிய காலத்திலேயே நான் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டவள். என் பொண்டாட்டி கைநாட்டு இல்லய்யா என்று உன் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், பாவம், அவருடைய கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கும். இந்தப் பழங்கதை எதற்கு என்றால், என்னைப் பிடித்த கண்ணி இந்தப் பெருமையில்தான் மாட்டியிருந்தது.

போன மாதம் போனில் உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, வாலு தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரி பிடித்துக் காய்த்துப்போன என் கட்டைவிரலைத் தேய்த்துத் தேய்த்துவிடுகிறாள், பெற்ற நீகூட எனக்கு இப்படிச் செய்ததில்லை என்று. நீகூட மூக்கை உறிஞ்சினாய். அந்தக் களிம்பைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். அவளுக்குப் போனில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஐந்து பேர் ஒரு படை, குதிரை, கோட்டை, சண்டை. என் போனில்தான் ஆடுகிறாள், நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் ஆடட்டும் என்றுதான் விட்டேன். அதில் ஒரு பெட்டி வரும். பூட்டிய பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்த பிறகுதான் தெரியும். நல்லது விழுந்தால் குதிரைக்கு இறக்கை, இல்லாவிட்டால் ஒன்றுக்கும் உதவாத தொப்பி. இறக்கை வைத்திருப்பவளை யாரும் தொட முடியாது, இல்லாதவள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அடிவாங்கிச் சாக வேண்டியதுதான். அவள் படைக்குத் தலைவி மரக்கடைக்காரர் மகள், அவளிடம் இறக்கை, வாள் எல்லாம் உண்டு. நம் பிள்ளையை அவள் ஓட்டைக் குடம் என்று கூப்பிடுவாளாம், வகுப்பிலும் அதே பெயர்தானாம். ஒருநாள் வாலு வந்து, பாட்டி, உங்களுக்குத்தான் கைராசின்னு எல்லாரும் சொல்றாங்களே, இந்தப் பெட்டியை நீங்க ஒரு தடவை தொறந்து குடுங்களேன், கட்டைவிரலை இங்க வைங்க போதும் என்றாள். வைத்தேன். போன் சிணுங்கியது, என்னைத் தெரியவில்லை என்றதாம். காய்ப்பில் ரேகை தேய்ந்துவிட்டது, அதற்குத் தெரியவில்லை என்றாள். அன்றைக்குத்தான் முதல்முதலாகக் களிம்பு வந்தது.

நாலாம் நாள் விரல் மெத்தென்று ஆனது, வைத்தேன், பெட்டி திறந்தது, உள்ளே இறக்கை. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம், நீ ஊருக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்த வாரம் முழுக்கத் தெருப்பிள்ளைகள் வாசலில் வரிசை, கைராசிப் பாட்டி, என் போனையும் தொடுங்க, என் போனையும் தொடுங்க என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை உன்னிடம் மறைப்பானேன். நம் போனில் வைத்த பொழுதெல்லாம் ஏதாவது விழுந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வெறும் தொப்பி, வெறும் தொப்பி. முதலில் வாரிக் கொடுத்த கை பிறகு கிள்ளிக்கூடக் கொடுக்கவில்லை. என் ராசி போய்விட்டதோ என்று எனக்கே வேதனை. மத்தியானம் துணி வெட்டும்போதுகூட இன்றைக்கு இறக்கை விழுமா என்று நினைத்தேன். ஒரு கால்சட்டைக்கு ஒரே பக்கத்துக் கால் இரண்டு வெட்டிவிட்டேன், நாற்பது வருடத்தில் முதல் தடவை. முதலாளி துணியை மடித்து ஓரமாக வைத்தார், அவ்வளவுதான்.

இப்போது நெஞ்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள். பரீட்சை முடிந்ததும் அவளை உங்களிடம் அனுப்பிவைக்க நீங்கள் மாதாமாதம் போட்டு வைத்தீர்களே பயணப் பணம், அதில் டிக்கெட் எடுக்கப் போன வாரம் நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன். டிக்கெட் கொடுக்கும் பெண் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுல ஒண்ணுமே இல்லையேம்மா, வேற கணக்கு இருக்கா என்றாள். அவள் போனைத் திருப்பிக் கொடுத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் போன் பழுது பார்க்கும் தம்பியிடம் ஓடினேன். அவன் தள்ளித் தள்ளிக் காட்டினான், எனக்குத் தெரியாத எழுத்தில் வரி வரியாக வந்த சேதிகள். வரும்போதெல்லாம் வாலு விளம்பரம் பாட்டி என்று தள்ளிவிடுவாளே, அவைதான். எல்லா வரியிலும் மணி ஒன்றுபோலச் சாயங்காலம், களிம்பு தேய்க்கிற நேரம். பெரியம்மா, இது பெட்டி தொறக்கிற விரல் இல்ல, பணம் குடுக்க நீங்க சம்மதம்னு சொல்ற விரல், உங்களுக்கு நம்பர் ஞாபகம் இருக்காதுன்னு மகள் உங்க விரலைப் பதிஞ்சு வெச்சுட்டுப் போனாங்கல்ல, அதே விரல்தான் என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, கையெழுத்துப் போடுறவங்கன்னு கேள்விப்பட்டேன், இத்தனை கைநாட்டு வெச்சிருக்கீங்களே என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான் கண்ணு. எனக்குத்தான் அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். அடிக்கவில்லை, கத்தவில்லை. உனக்கு அம்மா அப்பாகிட்டப் போகணும்னு இல்லையாடி என்றுதான் கேட்டேன். அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் கண் கலங்கவே இல்லை. நான் ஒரு தடவைகூட வைக்கலையே பாட்டி, நீங்கதானே வெச்சீங்க என்றாள். அது உண்மைதானே. அங்க போனா நேரம் மாறிடும், நான் தூங்கறப்போ இவங்க சண்டைக்குப் போவாங்க, என்னைப் படையிலேருந்து தூக்கிடுவாங்க என்றாள். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட கொஞ்சுகிற மாதிரி, இன்னும் ஒரே ஒரு பெட்டி பாட்டி, அதுல கறுப்பு இறக்கை இருக்கு, அது வந்துட்டா எல்லாத்தையும் திருப்பி எடுத்துடலாம் என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சாக அது எனக்குப் படவில்லை, அவள் வாய்க்குள் வேறு யாரோ உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. அதைவிடப் பயம் எது என்றால், அவள் அப்படிச் சொன்ன அந்த ஒரு கணம் என் கட்டைவிரல் தானாகத் துடித்தது. திருப்பி எடுத்துவிடலாமோ என்று எனக்கும் தோன்றியது. பெற்ற மகளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் இதைச் சொல்வேன்.

மறுநாளே போனைக் கடைக்குக் கொண்டுவந்து பொத்தான் டப்பாக்கள் வைக்கிற இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். ஆனால் அது சும்மா கிடப்பதில்லை. மணிக்கு ஒரு தடவை உள்ளே அதிர்கிறது, பொத்தான்கள் எல்லாம் கலகல என்று ஆடுகின்றன. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். உங்கள் படை உங்களைத் தேடுகிறது என்று ஒன்று. இன்றைக்கு மட்டும் பெட்டி பாதி விலை என்று ஒன்று. உங்களை மறக்க மாட்டோம் என்று ஒன்று. யாரும்மா இவங்க, கடன்காரங்களைவிடப் பாசமா இருக்காங்களே என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு பொறுமையாக யார் நம் பிள்ளைக்காக அங்கே காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் இரண்டு தடவை ஆடிவிட்டது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். போன் வீட்டில் இல்லை, பெட்டி இல்லை, ஒன்றும் இல்லை, ஆனாலும் அவள் தினமும் சாயங்காலம் களிம்பு டப்பாவோடு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பேசுவதில்லை, கையைப் பிடித்து மடியில் வைத்துத் தேய்க்கிறாள். முதல் நாள், செய்த தப்புக்குப் பிள்ளை இப்படி மன்னிப்புக் கேட்கிறது என்று என் மனசு கரைந்துபோயிற்று. மூன்றாம் நாள் பார்த்தேன், விரலை விளக்குப் பக்கமாகத் திருப்பி நகத்தால் ரேகையைத் தடவித் தடவிப் பார்க்கிறாள், துணியில் நூலோட்டம் பார்ப்பேனே நான், அதே மாதிரி. கையை இழுத்துக்கொள்ளலாம். இழுத்துவிட்டால், ஒருவேளை அது பாசமாகவே இருந்துவிட்டால்? இன்னொரு தடவை அந்தப் பிள்ளை யாரிடமாவது கையை நீட்டுமா? அதனால் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குப் பதிலாகப் பகலில், விரல் நுழைக்கிற கத்தரிக் காதில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எறிந்துவிட்டேன், வெறும் இரும்பில் விரலைக் கொடுத்துச் சீருடை வெட்டுகிறேன், காய்ப்பு மறுபடி ஏறட்டும், ரேகை அழியட்டும் என்று. பகலெல்லாம் நான் காய்க்க வைக்கிறேன், சாயங்காலம் அவள் கரைக்கிறாள்.

ஆகவே கண்ணு, முதல் தேதிக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் போடாதே, மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல். விரல் வைத்தால் பணம் போகிற ஏற்பாட்டை நிறுத்த உன் கையெழுத்தும் வேண்டும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள், கணக்கு உன் பெயரிலும் இருக்கிறதல்லவா, அந்தத் தாளை இத்தோடு வைத்திருக்கிறேன், நான் போட்டுவிட்டேன், எனக்குக் கீழே நீ போட்டு உடனே அனுப்பு. லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. அவளை அனுப்புவது இருக்கட்டும், நீ வா. அவளிடம் ஒன்றும் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, கை எப்படிம்மா இருக்கு என்று என்னைக் கேள், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். காய்த்துக் கிடக்கிறது என்று நான் சொன்னால் நீ மெதுவாக வரலாம். மெத்தென்று இருக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே புறப்பட்டுவிடு. மறந்துவிடாதே, மெத்தென்று என்றால் புறப்பட்டுவிடு.

நீயும் மாப்பிள்ளையும் கூடி வாழ்ந்து, உழைத்த உழைப்பு கையில் நின்று, பெற்ற பிள்ளை பக்கத்தில் படுத்துத் தூங்குகிற நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, அந்த ஊர்க் காற்று உனக்கு ஆகாது.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்ட உன் அம்மா.

தாளை மடிக்கும்போது கட்டைவிரலில் இருந்த நீலச் சாக்குக்கட்டிப் பொடி ரேகையோடு ஓரத்தில் ஒட்டிவிட்டது, துடைத்தால் இன்னும் பரவுகிறது, அப்படியே விட்டுவிட்டேன். கத்தரியைத் துணி இல்லாமல் பிடிக்க ஆரம்பித்து ஆறு நாளாகிறது. நீயே வெளிச்சத்தில் வைத்துப் பார். ஒரு ரேகைகூட அழியவில்லை.