சம்பந்தியின் தட்டும் என் தட்டும்

பாப்பா அம்மாவுக்கு,

பல் டாக்டரிடம் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

நாலு மணிக்குச் சம்பந்தி வருகிறார். முயல்கள் ஒன்றுக்கிருக்க அவர் வாங்கித் தந்த தட்டைப் பால்கனியில் வைத்துவிட்டேன். கூடத்தில் நான் வாங்கிய தட்டு மட்டும்தான் இருக்கும். நம் வீட்டு முயல்கள் நம் தட்டில்தான் போக வேண்டும்.

ஒரு மாதமாக என் தட்டைத் தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்து வைக்கிறேன்; முயல் இரண்டும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் தட்டில் மட்டும் காய்ந்த புல்லைத் தின்றுகொண்டே மணிக்கணக்காக உட்காருகின்றன. "ரொம்பக் கழுவாதீங்க சம்பந்தி, பழைய வாசனை கொஞ்சம் இருந்தாத்தான் வரும்" என்றார். நீயும், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாய். கல்யாணமான இந்த முப்பது வருஷத்தில் நான் சொன்ன எதற்காவது அப்படிச் சொல்லியிருக்கிறாயா?

அவர் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி நனைந்த காகிதத் துண்டுகளை எடுத்து என் தட்டில் போட்டு, மேலே புதுக் காகிதமும் ஓரத்தில் நிறையப் புல்லும் வைத்திருக்கிறேன். கழுவிவிடாதே. அவரிடம் மூச்சு விடாதே.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: செருப்பு மாட்டும்போது பார்த்தேன், கறுப்பி என் தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் வந்து பார்க்கும்வரை அவளை இறக்காதே. அவர் முகம் எப்படிப் போனதென்று உடனே எனக்குப் போன் செய்.