கந்தகத் தகரம்

ஜூன் 14, 1943
தோட்டத்து ஆபீஸில் என் வீட்டுக்காரர் ஜப்பான்காரன் வருஷக் கணக்குப்படி 2603 என்று எழுத வேண்டும். இங்கே நான் பழைய வருஷத்தையே எழுதுகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜூன் 17
சயாம் ரயில் வேலைக்கு நம் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர். முன்னே போனவர்களில் ஒருத்தரும் இன்னும் திரும்பவில்லை. இந்த முறை ஆபீஸ் கிராணி என்று விடமாட்டார்களாம், இவர் பெயரும் இருக்கிறது. புது ஜப்பான் தொரை ஒரு வழி சொன்னாராம்: சைக்கிளுக்கு டயர் செய்து காட்டுகிறவன் இங்கேயே இருக்கலாம்.

கணக்கு எழுதுகிற மனுஷன். டயருக்கு எங்கே போவார்?

ஜூன் 20
ரப்பர் ஷீட் காயும் புகைக்கூட்டிலிருந்து கித்தா எடுத்துச் சுருட்டி, இவர் டயர் மாதிரி ஒன்று செய்தார். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் மாயாண்டிதான் கூட நின்று இழுத்துக் கொடுத்தான், ஓட்டியும் பார்த்தான். பெடாஸ் டவுனுக்குப் போவதற்குள் வெயிலில் இளகி ரோட்டோடு ஒட்டிக்கொண்டதாம். "சைக்கிளு என்னைத் தூக்கும்னு பாத்தா, நான் சைக்கிளைத் தூக்கியாந்தேன் கிராணியம்மா."
அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 21
பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது, கல்லூரியில் கேட்ட ஒரு சொல் நினைவுக்கு வந்தது. வல்கனைஸ். ஜப்பான்காரன் கண்ணில் படாமல் கிழங்குச் சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்த இங்கிலீஷ் அகராதியை எடுத்தேன். வல்கன், ரோமர்களின் நெருப்புத் தெய்வம், கொல்லன். இங்கிலீஷில் எரிமலைக்கும் அவன் பெயர்தான். எரிமலையில் நெருப்பும் கந்தகமும். அதனால் ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சுடுவதற்கும் அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். சுட்டால் இறுகும், வெயிலில் இளகாது.

பிள்ளை அவலட்சணம் என்று பெற்றவளே அந்த வல்கனை வானத்திலிருந்து தூக்கி எறிந்தாளாம், வகுப்பில் சொன்னார்கள். எப்படி மனசு வந்தது?

சொல் இருக்கிறது. கந்தகம் – ?

ஜூன் 23
தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தகரம் கந்தகம் இருக்கிறது. அதைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத்தான் டிரஸ்ஸர் அமிர்தலிங்கம் பிள்ளைகளுக்குச் சொறி மருந்து தருகிறார். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் சொறி இல்லாத பிள்ளையே இல்லை. பாப்பாவுக்கும்தான்.

நானே போய்க் கேட்டேன். "இது போனா அடுத்தது எப்ப வரும்னு எனக்கே தெரியாதும்மா" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்து அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்தார்.

ஒரு கரண்டியாவது விட்டுவைத்திருக்கலாம். விடலையே நான். முழுத் தகரமும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ஜூன் 26
இவரும் மாயாண்டியும் தகரத்தைக் கவிழ்த்துக் கந்தகம் மொத்தத்தையும் கித்தாவில் பிசைந்து, டயராக்கி, இறுக மூடிய டிரம்மில் நீராவி விட்டு நாலு மணி நேரம் வேகவைத்தார்கள். முட்டை அழுகிய நாற்றம். டயர் கறுத்து இறுகியது. மாயாண்டி பெடாஸ் போய்த் திரும்பினான். ஒட்டவில்லை.

ஜூன் 28
தொரை வளைத்துப் பார்த்தார், தலையசைத்தார். பட்டியலில் இவர் பெயரை அடித்தாயிற்று. இன்றைக்குத்தான் தட்டுக் கிழங்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

ஜூன் 29
பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதானாம். அடித்த இடத்தில் மாயாண்டி பெயர். "அவனும்தானே செய்தான், தொரையிடம் சொன்னீங்களா?" என்று கேட்டேன். இவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பட்டியலைத் திருத்தி எழுதியது இவர் கை.
நானும் இரண்டாந்தடவை கேட்கவில்லை.

ஜூலை 2
லாரி போய்விட்டது.

ஜூலை 9
மாயாண்டி பெண்சாதி ராக்கம்மா வந்தாள். சண்டைக்கு என்று நினைத்தேன். இடுப்பில் பிள்ளை, விரலிடுக்கெல்லாம் சீழ். "மருந்துத் தகரம் உங்க வீட்டுல இருக்குன்னாங்கம்மா" என்றாள். அவ்வளவுதான்.

உள்ளே வரச் சொன்னேன். வெந்நீர் வைத்து, வேப்பிலை போட்டு, இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகக் குளிப்பாட்டினோம். துடைத்து முடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் தகரத்தை எடுத்து வருவேன் என்று உட்கார்ந்திருந்தாள்.