விற்றுப்போன சுமை

செண்பகனூர்

அன்புள்ள அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். குளிரைத் தவிர இங்கே எல்லாம் சுகம். பழனி வெயிலில் உங்கள் முழங்கால் வலி தேவலையா?

அடுத்த மாதம் மலையேற்றக் குழுவுக்குச் சமைக்க இமயமலை போகிறேன் அல்லவா, அதற்காகத் தினமும் சுமையோடு ஏறிப் பழகுகிறோம். நேற்று பை நிறைய மலைப்பூண்டை அடைத்துக்கொண்டு ஏறினேன். மேலே டூரிஸ்ட்டுகள் விலை கேட்டார்கள். கடைக்காரர் மகனாயிற்றே, அத்தனையும் விற்றுவிட்டு வெறும் பையோடு இறங்கினேன்.

"ஏலே ஃபவாஸ், எறங்கும்போதும் சொமை இருக்கணும்! இன்னொரு தடவ வித்தே, உன்னைய விட்டுட்டுப் போயிருவோம்" என்று கத்தினார் பயிற்சி தரும் ராஜமுருகன் அண்ணன். இன்று அவரே பையில் கல்லை நிரப்பினார்.

பையின் வார் தோளை அறுக்கிறது. சுற்றிக்கொள்ள அம்மாவின் சேலை ஒன்று அனுப்புங்கள். புதுசு வேண்டாம், கட்டியதே போதும். துவைக்க வேண்டாமென்று சொல்லுங்கள். பயிற்சிக்குக் கூட்டிப்போக ஜீப் வந்துவிட்டது.

உங்கள் மகன்
ஃபவாஸ்