மூன்றாவது நகல்

15 செப்டம்பர் 1997, திங்கள்

காலையில் கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். மூன்று நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தது. நாற்பது நிமிடம் நானும் ஆபீசில் போன் எடுக்கும் சரோஜாதேவி அம்மாவும் கறுத்துப்போன திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அதற்குள் மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்து போன். எந்த வகை ரத்தம் வேண்டும் என்று அம்மா எழுதிக்கொண்டார். யாரை அனுப்புவது என்று சொல்லத்தான் முடியவில்லை. ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கும் நாலாயிரத்து முன்னூறு பேரின் பெயர், விலாசம், கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. எங்கள் கொடையாளர் சங்கம் என்பதே அந்தப் பட்டியல்தான். பழைய அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டர் வந்த வருடமே எடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்போது நான் வேலைக்குச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன்.

செயலாளர் சுப்பராமன் சாரிடம் மறுபடி கேட்டேன். ஒரே ஒரு நாள் கம்ப்யூட்டரை நாமே அணைத்துவிட்டு, அது இல்லாமல் வேலை நடக்கிறதா என்று பார்க்கலாமா?

"ஒண்ணும் ஆகாம இருக்கறச்சே ஆயிடுத்துன்னு நெனச்சுண்டு எதுக்குப்பா கூத்தடிக்கணும்?" என்றார்.

மயிலாப்பூர்க்காரர், ஓய்வு பெற்ற பொறியாளர், சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர். நல்ல மனிதர். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் ரொம்பக் கஷ்டம்.

16 செப்டம்பர், செவ்வாய்

தூக்கம் இல்லை. இந்தக் கம்ப்யூட்டருக்காகக் கவலைப்பட்டதில் பாதிகூட, கல்யாணமான பதினோரு வருடத்தில் நான் அவளுக்காகப் பட்டதில்லையாம். ஜெயஸ்ரீ சொல்கிறாள்.

23 செப்டம்பர், செவ்வாய்

ஜுலைகாவின் நாள். ஒன்பது வயதுப் பெண். பிறவியிலிருந்தே அவள் உடம்பில் ரத்தம் தங்குவதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றியாக வேண்டும், தவறினால் அவள் தாங்க மாட்டாள். அதுவும் ஏ நெகட்டிவ். நூறு பேரில் ஒருவர் கிடைத்தால் அதிகம். அவளுக்கென்று ஏழு பேரை வைத்திருக்கிறோம். ஒருவர் கொடுத்தால் அடுத்த மூன்று மாதம் அவரைக் கேட்கக் கூடாது. யாருடைய முறை என்று கம்ப்யூட்டர்தான் சொல்லும்.

அப்பா ஷஃபியுல்லா ஆட்டோ ஓட்டுகிறார், மீர்சாகிப்பேட்டை. கிளம்பும்போது வழக்கம்போல, "அடுத்த தேதி இன்னா சார்?" என்று கேட்டார். அக்டோபர் 14 என்றேன். மூன்று வாரம் எண்ணத் தெரியாதவரா? ஆனாலும் அது என் வாயிலிருந்து வர வேண்டும் அவருக்கு.

அப்படிக் கேட்டுவிட்டுப் போனால் அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தேதியை இரண்டு தடவையாவது கம்ப்யூட்டரில் சரிபார்ப்பேன்.

5 அக்டோபர், ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். தலைப்பு: 'கம்ப்யூட்டர் நின்றுபோனால்'. முதலில் யாருக்குச் சொல்வது, ஜுலைகாவைப் போன்றவர்களின் பட்டியலை அச்செடுத்து எவரெவர் வீட்டில் வைப்பது, எத்தனை மணி நேரத்துக்குள் வேலை மறுபடி தொடங்க வேண்டும் — எல்லாம். தீ, வெள்ளம், திருட்டு என்று தனித்தனியாகவும் எழுதியிருந்தேன். நவராத்திரியும் அதுவுமாக அமங்கலமாக இதென்ன என்று ஒருவர் முகம் சுளித்தார். சுப்பராமன் சார் மரியாதையாகவே தாள்களை வாங்கி, மேஜையின் அடி இழுப்பறையில் வைத்தார். தீபாவளி கழியட்டுமாம்.

தீபாவளி வரைக்கும் மழையும் காத்திருக்குமா?

போகட்டும். நகல் எடுப்பதாவது என் கையில் இருக்கிறது. மூன்று நகல், ஒவ்வொன்றும் மூன்று ஃப்ளாப்பி. இரண்டு ஆபீசில், மூன்றாவது நங்கநல்லூரில் என் வீட்டு பீரோவில். வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கொண்டுவந்து புதுப்பித்து, சாயங்காலம் திருப்பி எடுத்துப் போவேன். மற்ற இரண்டோடும் அது ஒரே கூரையின் கீழ் இரவு தங்கக் கூடாது. இது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். இரண்டு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

10 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. தரையில் மணை போட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பேரேடு, டெலிபோன் டைரக்டரி, பேனா எல்லாம் அடுக்கினார்கள். ஃப்ளாப்பிகளையும் வையுங்கள், அதுவும் வித்தைதானே என்றார் சரோஜாதேவி அம்மா. ஆபீஸ் நகல் இரண்டையும் வைத்தேன். காலையில்தான் புதுப்பித்த மூன்றாவது நகல் பையில் இருந்தது. அதையும் எடுத்து வைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. அதை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது எடுக்கப் போனேன். "பூஜைல வெச்சத நாளைக்குத்தான் சார் எடுக்கணும்," என்றார் அம்மா. ஒரு ராத்திரிதானே.

வீட்டுக்கு வந்து சுண்டல் சாப்பிட்டேன். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.

11 அக்டோபர், சனி

எழுதவே கை வரவில்லை.

ராத்திரி கொட்டிய மழையில் கால்வாய் நிரம்பி, எங்கள் தி.நகர் சந்தில் முழங்காலளவு தண்ணீர். காலையில் ஆபீஸ் கதவைத் திறந்தால் மணை மிதக்கிறது. சாமந்திப் பூ மிதக்கிறது. ஒன்பது ஃப்ளாப்பியும் சாக்கடைத் தண்ணீருக்குள். மேஜை மேல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, அலமாரியில் இருந்திருந்தாலும் ஆகியிருக்காது. கம்ப்யூட்டர் பெட்டியும் தரையில்தான் நின்றது. கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, காயவிடாமல், பொறுக்காமல் நானே சுவிட்சைப் போட்டேன். கருகிய நாற்றம் வந்தது. அறிவு கெட்டவனே, அறிவு கெட்டவனே.

அடி இழுப்பறையும் முழுகியிருந்தது. என் நான்கு பக்கமும் மை கரைந்து ஊதாக் கூழ். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. அம்மா பயந்துபோய் என்னை உட்காரச் சொன்னார்.

எல்லாவற்றையும் ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். பத்து நாளாகும், வந்தால் வரும் என்றார்.

ஜுலைகாவுக்கு 14. ரத்தம் வாங்கிச் சோதிக்க ஒரு நாள் வேண்டும். அப்படியென்றால் திங்கள் காலைக்குள் ஆள் வந்தாக வேண்டும். ஏழு பேரில் இரண்டு பெயர் ஞாபகம் இருக்கிறது. விலாசம் ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு பேரும் கடைசியாக எப்போது கொடுத்தார்கள்? தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஏ நெகட்டிவ் கையிருப்பு இல்லை. கேட்டுவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

சேற்றை வாரிக்கொண்டிருந்தபோது ஷஃபியுல்லா வந்தார். மழையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சுப்பராமன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தோடு நின்றார். யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான்தான் சொன்னேன். எல்லாம் போய்விட்டது, யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். ஆட்டோவுக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே முழுக்க உருது.

நான்கு வருடமாக, தன் மகளுக்கு ரத்தம் கொடுத்தவர்களையெல்லாம் அவரே ஆட்டோவில் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். காசு வாங்கியதில்லை. திரும்பி வந்ததும் பெயர், தெரு, தேதி எழுதி வைத்திருக்கிறார். கொடுப்பவர் யார் என்று நோயாளி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் முதல் விதி. சுப்பராமன் சார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"தப்புன்னு தெரியும் சார். உங்க பொட்டி ஒரு நாளு நின்னுச்சின்னா, எம்பொண்ணுக்கு நான் இன்னா பண்றது? அதான் எழுதிக்கினேன்."

அவர் படிக்கப் படிக்க அம்மா தமிழில் எழுதினார். ஏழு பேர், ஏழு தெரு, எல்லாத் தேதியும். என் புத்தி சும்மா இருக்குமா? இது தொலைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வூட்ல இன்னொண்ணு கீது சார். அவகிட்ட," என்றார். மனைவியைச் சொன்னார்.

முறைப்படி வர வேண்டியவர் அடையாறில். பூட்டியிருந்தது, விடுமுறைக்குத் திருநெல்வேலி போயிருக்கிறார்கள். அடுத்தவர் பொன்ராஜ், மந்தைவெளி, வீடு மாறிவிட்டார். வீட்டுக்காரரிடம் கேட்டால் பாலவாக்கம் பக்கம் என்கிறார், தெரு தெரியவில்லை. ஷஃபியுல்லாவும் நானும் ஆட்டோவிலேயே போனோம். ஒவ்வொரு கடையாக இறங்கிக் கேட்டோம். நாலரை மணிக்குப் பொன்ராஜ் கதவைத் திறந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒன்றும் புரியாமல் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்.

13 அக்டோபர், திங்கள்

எட்டரை மணிக்குப் பொன்ராஜ் கொடுத்துவிட்டார்.

14 அக்டோபர், செவ்வாய்

ஏறிவிட்டது. ஜுலைகா கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. எல்லோரும் மழையைத் திட்டுகிறார்கள்.

17 அக்டோபர், வெள்ளி

கமிட்டிக்கு சுப்பராமன் சார் எழுதிய அறிக்கை: 'எதிர்பாராத மழையினால்'. தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடமே கொடுத்தார். விரல் ஓடவில்லை. எழுந்துபோய்ச் சொல்லிவிட்டேன். எதிர்பாராதது ஒன்றும் இல்லை சார், வெள்ளம் என்று நானே எழுதித் தந்தேன். வீட்டில் இருக்க வேண்டிய நகலைக் கொண்டுவந்து தரையில் வைத்ததும் நான்தான். பூஜைமேல் பழி போட மாட்டேன், அது கேட்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இழுப்பறையில வெச்சது நான்தானே. ரெண்டையும் எழுதிடு," என்றார். அந்த நான்கு பக்கத்தையும் திரும்ப எழுதித் தரச் சொன்னார். ஒரு வாரம் போதுமா என்று கேட்டார். இரண்டு நாள் போதும் என்றேன்.

சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் ஷஃபியுல்லாவிடமும் சொன்னேன். மழை இல்லை, நான்தான் என்று. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

"அடுத்தது நவம்பர் நாலு சார். அதுக்கு யாரு?" என்றார்.

26 அக்டோபர், ஞாயிறு

ரிச்சி தெருவில் கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பழைய கடிதங்களிலிருந்து பெயர் சேர்க்கிறோம். அறுநூற்றுப் பன்னிரண்டு ஆகியிருக்கிறது. மீதி எந்த ஜென்மத்தில் முடியுமோ. எல்லாம் அட்டையில், ஆபீசில் இருப்பது போக மூன்று பிரதி, மூன்று வீட்டில். எந்தப் பண்டிகைக்கும் இடம் மாறாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். புதுக் கம்ப்யூட்டர் ஜனவரியில்தான்.

சுப்பராமன் சார் ஒன்று சொன்னார். நவம்பர் மூன்றும் நாலும் நான் லீவு போட வேண்டுமாம். எதற்கு என்றேன். "கம்ப்யூட்டர் நின்னுபோனா என்னன்னு எழுதியிருக்கே. நீ நின்னுபோனா? அதை எழுதவே இல்லையேப்பா."

கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நியாயம்தான்.

3 நவம்பர், திங்கள்

வீட்டில். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. இரண்டு தடவை எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

4 நவம்பர், செவ்வாய்

மத்தியானம் வரை போன் இல்லை. பொறுக்க முடியாமல் நானே ஆபீசுக்கு அடித்தேன். சரோஜாதேவி அம்மா எடுத்தார். கொடையாளர் நேற்றே வந்துவிட்டாராம். காலை பதினொன்றுக்கு ஜுலைகாவுக்கு ஏற்றியாகிவிட்டதாம். இடையில் வேறு நான்கு கேஸ், நான்குக்கும் ஆள் அனுப்பியாயிற்றாம். ஷஃபியுல்லா அடுத்த தேதியை அவரிடமே கேட்டுக்கொண்டு போய்விட்டாராம். லீவு நாளில் எதற்கு போன் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

வைத்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ஜெயஸ்ரீ எழுப்பியபோது மணி ஆறு.